அவுக பேருல எழுதுன மாத்திரை

அந்தப் பைய கீழ வைக்காத தாயி, மடியில வச்சுக்க. இந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கவுக எல்லாரும் நோயாளி வீட்டாளுகன்னு நெனச்சுறாத. போன மாசம் ஒருத்தி கொஞ்சம் கண்ணசந்தா, மாத்திரைக் கவரோட பைய தூக்கிட்டுப் போயிட்டாக. இந்த வலி மாத்திரைக்குன்னே ஒரு கூட்டம் அலையுது. அதெல்லாம் ஒரு பொழப்பா.

யாருக்கு வாங்க வந்த, வீட்டுக்காரருக்கா? எங்க? தொண்டையிலயா. ஆமா, பாத்ததுமே நெனச்சேன். கையில மாத்திரை அட்டையை வச்சு எண்ணிக்கிட்டே இருந்தியே, நானும் அப்பிடித்தான் எண்ணுவேன். எங்க வீட்டுக்காரருக்குக் கன்னத்துல. புகையிலைய ஒதுக்கி வைப்பாகள்ல, அதே பக்கம். முதல்ல ஒரு புண்ணு, மிளகு தண்டி. ஆறுமாசத்துல அந்தப் பக்கம் மூஞ்சியே இல்ல. பேச்சும் போயிருச்சு.

டோக்கன் வாங்கிட்டியா? காலி அட்டை எல்லாம் கொண்டாந்துருக்கியா? அது முக்கியம். தின்னு முடிச்ச அட்டையக் காட்டுனாத்தான் புது அட்டை குடுப்பாக. ஒண்ணு கொறஞ்சாலும் நூறு கேள்வி. முதல் நாளு ஒரு தாள்ல என்னென்னமோ வாசிச்சாக. பெட்டியில பூட்டி வைக்கணும், வேற யாருக்கும் குடுக்கக் கூடாது, நேரம் தப்பாமக் குடுக்கணும், ஆளு தவறிட்டா மிச்சத்தைத் திருப்பிக் கொண்டாந்து குடுத்துறணும். எல்லாத்துக்கும் சரி சரின்னு தலையாட்டிக் கைநாட்டு வச்சேன். ஏதோ நாம நகையைத் திருட வந்தவுக மாதிரி.

அதுகூடப் போகட்டும். நோயாளி பேரு என்னன்னு கேட்டாக. நான் இங்க குடுத்த மாத்திரைப் புத்தகத்தை நீட்டி, அதுல இருக்கு பாத்துக்கங்கன்னேன். இல்ல, வாயால சொல்லுங்கங்குது அந்த ஜெசிந்தா சிஸ்டரு. உள்ள மாத்திரை குடுக்குதுல்ல, கண்ணாடி போட்ட அம்மா, அதுதான். தப்பான ஆளுக்கு மாத்திரை போயிறக் கூடாதாம். நாப்பது வருசம், தாயி. நான் அவுக பேரைச் சொன்னதே இல்ல. ரேசன் கடையிலகூட பக்கத்துல நிக்கிறவகளைத்தான் சொல்லச் சொல்லுவேன். அன்னிக்கு அந்த சன்னலுக்கு முன்னாடி நின்னு, சின்னமாயன்னு சொன்னேன். சொல்லிட்டு வெளிய வந்து அழுதேன். அந்த சிஸ்டரை நான் அன்னிக்கே மனசுல குறிச்சு வச்சுக்கிட்டேன்.

அவுக செத்து ரெண்டு மாசம் ஆச்சு.

ஏன் அப்பிடிப் பாக்குற? மெதுவா இரு, காதுல விழப் போகுது. வைகாசியில செத்தாக, இப்ப ஆடி பொறந்துருச்சு. நான் எதுக்கு இன்னும் இங்க வந்து உக்காந்திருக்கேன்னு கேக்குறியா? எம் மகனுக்காகத்தான். இன்னிக்கு இந்த மாத்திரை இல்லாம நான் வீட்டுக்குப் போனா எம் மகன் என்ன ஆவானோ தெரியாது. காலையில நான் பஸ் ஏறும்போதே போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு நடுங்கிக்கிட்டு இருந்தான். இந்த வெக்கையில. வேர்வையில பாய் நனைஞ்சு கெடக்கு. குடிச்ச காப்பி அப்பிடியே வெளிய வந்துருச்சு. எம்மா சீக்கிரம் வந்துருமான்னான். முப்பத்தி ரெண்டு வயசு ஆம்பள, சின்னப் புள்ள மாதிரி என் சேலையப் பிடிச்சுக்கிட்டு.

கெட்ட பய இல்ல தாயி. அழகுராசா. நீ யாரை வேணா கேட்டுப் பாரு எங்க ஊருல. பீடி கெடையாது, பிராந்தி கெடையாது, வெத்தலைகூடப் போட மாட்டான். வாழைத்தாரு ஏத்துற குட்டியானை வண்டி ஓட்டுறான். தோட்டத்துல வெட்டுன தாரை இவனே தோள்ல சொமந்து ஏத்தி, இவனே ஓட்டி, மார்க்கெட்டுல இவனே எறக்குவான். போன ஐப்பசி மழையில வரப்புல வழுக்கி, தாரோட விழுந்துட்டான். நடு முதுகுல அடி. டாக்டரு ஊசி போட்டு, மூணு வாரம் அசையாமப் படுன்னாரு. படுத்தா ஆகுமா? நாலு நாளு வண்டி வரலேன்னா தோட்டக்காரன் அடுத்த வண்டியக் கூப்பிட்டுருவான். வீட்டுல அப்பனும் படுத்திருக்காரு, மகனும் படுத்துட்டா சோறு எங்கிட்டு வரும்?

ஒரு நாளு காலையில குனிஞ்சு செருப்பு மாட்ட முடியாம செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். பெத்த வயிறு கேக்குமா? பெட்டியத் தெறந்து அவுக மாத்திரையில ஒண்ணை எடுத்துக் குடுத்தேன். ஒண்ணே ஒண்ணு. வலின்னா எல்லாம் வலிதானே. அரை மணி நேரத்துல எந்திரிச்சு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான். சாயங்காலம் சிரிச்சுக்கிட்டே வந்தான். எம்மா, வலி இருந்த எடமே தெரியலம்மான்னான். எனக்கு எம்புட்டு சந்தோசம்.

அப்புறம் ஒரு நாளு விட்டு ஒரு நாளு. அப்புறம் தெனம் ஒண்ணு. அப்புறம் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. உழைக்கிற ஒடம்பு, தாங்கும்.

அவுகளுக்குக் கொறைச்சேன்தான். நான் எதையும் மறைக்கல. ஆனா ஏன் கொறைச்சேன்னு கேளு. இந்த மாத்திரை பழகிப் போயிரும்னு எல்லாரும் சொல்றாகள்ல? மெடிக்கல் கடைக்காரன் சொன்னான், எங்க சின்னம்மா மகன் சொன்னான், பூட்டி வைக்கச் சொல்லும்போது இங்கயும் சொன்னாக. பழகிட்டா அப்புறம் விட முடியாது, அடிமையாக்கிரும்னு. எனக்கு அதுதான் பயம். ஏற்கெனவே புகையிலைக்கு அடிமையாகித்தான் மனுசன் இந்த நெலைமைக்கு வந்தது. சாகப் போற நேரத்துல இன்னொரு பழக்கம் வேணுமா? கொஞ்சம் பொறுத்துக்கங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னு சொல்லிச் சொல்லித்தான் குடுப்பேன். நாலு வேளைங்கிறதை ரெண்டு வேளையாக்குனேன். நல்லதுக்குத்தான்.

பேச்சு இல்லைல்ல, அதனால ஒரு எவர்சில்வர் டம்ளரு கையில குடுத்திருந்தேன். தண்ணி வேணும்னா கட்டில் கம்பியில ரெண்டு தட்டு. ஒண்ணுக்குன்னா மூணு தட்டு. வலி வந்துட்டா எண்ணிக்கையே கெடையாது, தட்டிக்கிட்டே இருப்பாக. டங்கு டங்குன்னு. நான் அடுப்படியில இருப்பேன், காதுக்குள்ளயே தட்டுற மாதிரி இருக்கும். எம் மருமக வனிதா ஓடி வருவா. அத்தை, மாமாவுக்கு மாத்திரை நேரமாச்சும்பா. எனக்குத் தெரியும்டி, நீ ஓன் வேலையப் பாருன்னு அனுப்பிருவேன். கடைசியில அந்த டம்ளரை வாங்கி வச்சுட்டு பிளாஸ்டிக் டம்ளரு குடுத்தேன். அது சத்தம் வராது.

என்னைய அப்பிடிப் பாக்காத தாயி. நீயும் ஒரு வருசம் கட்டில் பக்கத்துல இருந்து பாரு, தெரியும்.

இங்கருந்து மாசத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வந்து பாக்குற ஒரு நர்சுப் பொண்ணு உண்டு. புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டுட்டு, ஐயா வலி எம்புட்டு இருக்குன்னு வெரலால காட்டுங்கன்னு கேக்கும். ஒண்ணுமில்லேன்னா ஒரு வெரலு, தாங்க முடியலேன்னா பத்து வெரலு. அவுக ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுனாக. பத்து. காட்டிட்டு, என்னையப் பாத்தாக. நான் அந்தப் பொண்ணுக்கிட்ட, அவுக எப்பவும் எதையும் கூட்டித்தான் சொல்லுவாகம்மா, அஞ்சுன்னு போட்டுக்கன்னேன். அது கேக்கல. பத்துன்னே எழுதிட்டுப் போயிருச்சு.

அடுத்த தடவை இங்க வந்தப்ப டாக்டரம்மா உள்ள கூப்பிட்டாக. சின்ன வயசுதான், நல்ல மாதிரி. இம்புட்டு மாத்திரை குடுத்தும் பத்துங்கிறாரே, நீங்க நேரத்துக்குக் குடுக்குறீங்களான்னு கேட்டாக. காலி அட்டையெல்லாம் எடுத்து மேசையில அடுக்குனேன். எண்ணிப் பாத்தாக. ஒண்ணு கொறையல. எப்பிடிக் கொறையும், எல்லாம் எங்க வீட்டுக்குள்ளதானே தீந்துச்சு. வெளி ஆளுக்கு ஒரு மாத்திரை நான் குடுக்கலையே. டாக்டரம்மா யோசிச்சு யோசிச்சு, பாவம் வலி அதிகமாயிருச்சு போலன்னு, அளவைக் கூட்டி எழுதுனாக. ரெண்டு மடங்கு.

அது ஒரு வகைக்கு நல்லதாப் போச்சு. ஏன்னா அதுக்குள்ள அழகுராசாவுக்கு ரெண்டு பத்தல.

அவுக கட்டில்ல இருந்தபடியே அட்டையப் பாத்துட்டாக. புது அட்டை கட்டா இருக்கவும், கண்ணு அதுலயே இருக்கு. நாலு வேளையில்லங்கிற மாதிரி நாலு வெரலைக் காட்டி, அப்புறம் என்னையக் காட்டி, ஏன்னு கையை விரிச்சுக் கேட்டாக. அதுக்கும் ஒரு பதில் சொல்லி வச்சேன். அதை அப்புறமா சொல்றேன்.

சித்திரை முழுக்க அப்பிடியே போச்சு. வைகாசி மூணாந்தேதி காலையில, கஞ்சி கொண்டு போறேன், வாயைத் தெறக்கல. பல்லைக் கடிச்சிருந்தது கடிச்சபடியே இருக்கு. குளிப்பாட்டுறப்ப பாத்தேன், பிளாஸ்டிக் டம்ளரு விளிம்பெல்லாம் பல்லுத் தடம். அதை நானே கொண்டு போயி குப்பையில போட்டேன். யாருக்கும் காட்டல. இப்ப ஒங்கிட்டத்தான் சொல்றேன்.

மனசு கேக்கலதான். பதினாறாம் நாளு கருமாதிப் படையலுக்கு இலை போட்டோம். அவுகளுக்குப் பிடிச்சதெல்லாம் வச்சேன். கருவாட்டுக் கொழம்பு, அதிரசம், வெத்தலை, புகையிலை. டாக்டரு கேட்டா வைவாக, ஆனா செத்தவுகளுக்கு என்ன புகையிலை செய்யப் போகுது. எல்லாம் வச்சு முடிச்சதும் எனக்கு ஒண்ணு தோணுச்சு. பெட்டியத் தெறந்து நாலு மாத்திரைய உரிச்சு இலை ஓரத்துல வச்சேன். உசுரோட இருக்கும்போது அம்புட்டுக் கேட்டாகளே, இப்பவாவது நெறஞ்சு சாப்பிட்டுட்டுப் போகட்டும்னு. வச்சுட்டு விழுந்து கும்பிட்டேன். வழக்கப்படி கதவைச் சாத்திட்டு எல்லாரும் வெளிய வந்துட்டோம். சூடம் அணையாமப் பாத்துக்கணும்னு அழகுராசா மட்டும் உள்ள இருந்தான்.

கொஞ்ச நேரங்கழிச்சுக் கதவைத் தெறந்து பாத்தா, எல்லாம் வச்சது வச்சபடி இருக்கு. மாத்திரை நாலும் இல்ல.

எனக்கு ஒடம்பே புல்லரிச்சுப் போச்சு. வந்துட்டுப் போயிருக்காக பாருடான்னு அழுதேன். சொந்தக்காரப் பொம்பளையெல்லாம் சுத்தி நின்னு கும்புட்டுச்சுக. அழகுராசா செவுத்துல சாஞ்சு உக்காந்து, ஆமாம்மா, அப்பா வந்தாருன்னான். கண்ணு ரெண்டும் சொக்கிக் கெடந்துச்சு. அப்பன் போன துக்கம். வனிதா மட்டும் வாசப்படியில நின்னு அவனையே பாத்தா. அப்புறம் என்னையப் பாத்தா. மூணாம் நாளு பேத்தியத் தூக்கிக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா.

போறப்ப சொல்லிட்டுப் போறா தாயி, மாமாவை வலியில சாகவிட்டீங்க, இவரை வலி இல்லாமச் சாகவிடப் போறீங்கன்னு. ஒரு மருமக பேசுற பேச்சா இது? கஷ்டம்னு வந்தப்ப விட்டுட்டுப் போனவ. எம் மகன் இப்பிடி ஆனதுக்கு யாரு காரணம்னு நெனைக்கிற? அவதான். பொண்டாட்டி சரியா இருந்தா ஆம்பள ஏன் மாத்திரையத் தேடப் போறான்.

மிச்சம் இருந்ததைத் திருப்பிக் குடுக்கலையான்னு கேக்காத. அது கருமாதி முடிஞ்சு பத்து நாளைக்குக் காணல. பெட்டிப் பூட்டையும் யாரோ நெம்பியிருந்தாக. பழைய பூட்டு, அது தன்னாலயே கழண்டிருக்கும். வண்டி மூணு வாரமா வாசல்லயே நிக்குது. ஓட்டும்போது தூங்கி ஒரு வாழைத்தோட்ட வேலியில விட்டுட்டான். கண்ணு பட்டுருச்சுன்னு பூசணிக்காய் உடைச்சேன். மாத்திரை இருந்தா தூங்குறான், இல்லேன்னா நடுங்குறான். அம்புட்டுதான் இப்ப எம் மகன்.

அதான் இங்க வந்தேன். அந்த நர்சுப் பொண்ணு பிரசவ லீவுல போயிருச்சு, அதுக்குப் பதிலா யாரும் வரல. செத்த சேதி இங்க தெரியாது. புத்தகத்தைக் கொண்டாந்து நீட்டுனேன். பேரு என்னன்னு அதே கேள்வி. சின்னமாயன்னு சொன்னேன். நாக்கு கொஞ்சங்கூடக் கூசல. எப்பிடி இருக்காருன்னு கேட்டாக. முன்னைக்குப் பரவாயில்ல, வலி கொறஞ்சிருக்குன்னேன். அது பொய்யின்னும் சொல்ல முடியாதுல்ல. இப்பிடி ரெண்டு தடவை வாங்கிட்டேன்.

இன்னிக்கு நீ வர்றதுக்கு முன்னாடியே உள்ள போயிட்டு வந்துட்டேன். புத்தகத்தை நீட்டுனதும் ஜெசிந்தா சிஸ்டரு அதை வாங்கி மேசை டிராயருல போட்டுக்கிருச்சு. கதவைச் சாத்திட்டு எம் பக்கத்துல வந்து உக்காந்து, சின்னமாயன் இறந்துட்டாராம்மான்னு கேட்டுச்சு. வனிதாதான் போன் போட்டுச் சொல்லியிருக்கா, வேற யாரு. வையும், போலீசுங்கும்னு நெனச்சேன். வையல. எங் கையைப் பிடிச்சுக்கிருச்சு. ஒங்க மகனைக் கூட்டிட்டு வாங்கம்மா, மேல இருபத்தி மூணாம் நம்பர் ரூமுல இதுக்குன்னே டாக்டரு இருக்காரு, படுக்க வச்சுக் கொஞ்சங் கொஞ்சமா விட வைப்பாக, காசு கெடையாது, யாரும் கேவலமாப் பேச மாட்டாக, நாளைக்கே வாங்கங்குது. எனக்கு மூஞ்சியெல்லாம் எரிஞ்சுச்சு. எம் மகனைப் போயி போதைக்காரங்க கூடப் படுக்க வைக்கணுமாம். அவன் வேட்டி நிக்காமக் குடிச்சுட்டுக் கெடக்குறவனா? முதுகுவலிக்காரன் தாயி அவன். முதுகுவலி.

ஒரு சீட்டும் எழுதிக் குடுத்துச்சு. இந்தா பாரு, இதுலதான் வெத்தலைய மடிச்சு வச்சிருக்கேன். நல்ல கெட்டித் தாளு.

சரி, ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் இம்புட்டு நேரம் பேசிக்கிட்டு இருந்தேன். ஒன் வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு எத்தனை எழுதியிருக்காக? நாலா? அட்டைய எண்ணிக்கிட்டு இருந்தப்பவே பாத்தேன், நீ நேரம் தப்பாமக் குடுக்குற மாதிரி தெரிஞ்சுச்சு. நல்ல மனசுக்காரி. அதான் கேக்குறேன். இப்ப வாங்கிட்டு வருவைல்ல, அதுல ஒரே ஒரு அட்டை. ஒரு வாரத்துக்கு எம் மகன் எந்திரிச்சு உக்காந்துருவான், அப்புறம் நானே வேற வழி பாத்துக்கிருவேன். காலி அட்டைய நான் பத்திரமா வச்சிருந்து, அடுத்த வாரம் இதே பெஞ்சுல ஒங்கிட்டக் குடுத்துருவேன். ஒன் கணக்குல ஒண்ணு கொறையாது. நான் இதுவரைக்கும் ஒரு அட்டைகூடத் தொலைச்சதில்ல.

பைய ஏன் இறுக்கிப் பிடிக்கிற? நான் என்ன புடுங்கிக்கிட்டா ஓடப் போறேன். ஒரு தாய் கேக்குறேன்.

அந்தா கூப்பிடுறாக பாரு, ஒன் நம்பருதான். போயிட்டு வா. நான் இங்கயேதான் இருப்பேன். ஒன் வீட்டுக்காரரு ஏன் கொறையுதுன்னு கேட்டா, டாக்டரம்மா கொறைச்சுட்டாகன்னு சொல்லிரு. எங்க வீட்டுக்காரருக்கும் அதைத்தான் சொன்னேன். டாக்டரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு தலையாட்டுனாக. கடைசி வரைக்கும் அப்பிடித்தான் நம்பிக்கிட்டு இருந்தாக.